விவேகானந்தர் கற்ற முறை

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கின்றது. ஏரி என்பது வழக்கேயன்றி, உண்மையில் அஃது உவர்நீர்க் காயலாகும். அதன் கரையில் மீனவர் வாழும் குப்பங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று கோட்டைக்குப்பம். பெயரிலே கோட்டை இருக்கின்றது. கண்ணிலே படுவனவோ புதர்களும் இடிந்த செங்கற்களுமே. ஒல்லாந்தர் 1613-ஆம் ஆண்டில் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தாம் நடத்திய வாணிகத்திற்கு அதனைத் தலைமையிடமாகக் கொண்டனர். 1690-இல் அத்தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. 1825-இல் ஊரே ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று அவ்வூரில் ஒல்லாந்தரை நினைவூட்டுவது, வாயில் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கப்பட்ட ஒரு கல்லறைத் தோட்டமே.

சில ஆண்டுகளுக்கு முன் யான் அவ்வூர் சென்றிருந்தேன். கரையில் குவித்திருந்த வலையின்மேல் சாய்ந்துகொண்டு ஒரு பள்ளி மாணவன் தடித்த நூல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தான். அருகே அவன் பாட்டனார் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். நூல் யாதென வினவினேன். தன் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பள்ளியில் பேச வேண்டியிருந்ததாம். அதற்காக ஒல்லாந்தர் வரலாற்றை ஓரிடத்தில் இரவல் வாங்கியிருந்தானாம். ஒரு திங்கள் கழிந்தும் முப்பது பக்கங்களையே கடந்திருந்தான். ஆளுநர் பெயர்களும், கப்பல்களில் ஏற்றிய துணிக்கட்டுகளின் கணக்கும், ஒப்பந்தங்களின் நாள்களும் நெருங்கிக் கிடந்த நூல் அது. பக்கத்தின் அடியை எட்டும்போது அதன் தலைப்பகுதி மறந்து போகின்றது என்று அவன் மனம் நொந்தான். இத்தகைய நூலை விரைந்து படிக்க வழி உண்டா என்று என்னைக் கேட்டான்.

உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க என்னால் இயலவில்லை. அவ்வாறு படித்த ஒருவருடைய வாழ்க்கையை அவனுக்குச் சொன்னேன். அதனையே இங்குச் சற்று விரித்து எழுதுகின்றேன்.

அவர்தாம் சுவாமி விவேகானந்தர். துறவறம் பூணுமுன் அவருக்குப் பெயர் நரேந்திரநாத தத்தர். 1863-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தையார் விசுவநாத தத்தர் வழக்கறிஞர், நூற்பயிற்சி மிக்கவர். அன்னையார் புவனேசுவரி தேவியார் இராமாயணமும் பாரதமும் மைந்தனுக்குக் கதைகளாகச் சொல்லி வளர்த்தார்.

நரேந்திரர் முதன்முதல் உள்ளத்தில் இருத்திய நூல் கதைநூலன்று, இலக்கணநூல். உறவினரான முதியவர் ஒருவர், இரவுதோறும் சிறுவனைத் தம் அருகில் இருத்தி, முக்தபோதம் என்னும் வடமொழி இலக்கணத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். ஏழாண்டு நிரம்புமுன் அந்நூலின் பெரும்பகுதி சிறுவனுக்கு மனப்பாடமாயிற்று. பிற்காலத்தில் அவர் நூல்களை விரைந்து கற்றதைக் கண்டு வியந்தவர் பலர். ஓடுகின்ற கால்களையே அவர்கள் கண்டனர். தவழ்ந்த நாள்களைக் கண்டார் இலர். இலக்கணம் கற்ற பிள்ளை, சொற்றொடர் எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதைச் செவியாலேயே அறிவான். படிப்பில் விரைவு பிறக்கும் இடம் அதுவே என்பது என் துணிபு.

வீட்டிற்கு வந்து பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவர் தொடக்கத்தில் ஏமாற்றம் அடைந்தார். நரேந்திரர் பாடப்பகுதியைக் காட்டிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டு அசையாதிருப்பார். ஆசிரியர் அதனை இரண்டு மூன்று முறை படித்துப் பொருள் கூறுவார். பிள்ளை உறங்குகின்றான் என்றே அவர் எண்ணினார். கேட்டுப் பார்த்தபோது பாடம் முழுதும் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. ஆங்கிலம் அயல்மொழி என்று கூறிச் சில திங்கள் அதனைக் கற்க மறுத்தவரும் இப்பிள்ளையே. பின்னர்க் கற்கத் தொடங்கியதும் அம்மொழி எத்துணை வசமாயிற்று என்பதை உலகம் அறியும்.

1871-இல் ஈசுவர சந்திர வித்தியாசாகரர் நடத்திய பள்ளியில் அவரைச் சேர்த்தனர். 1877-இல் தந்தையார் தொழில் நிமித்தம் இராய்ப்பூருக்குச் சென்றார். குடும்பமும் உடன் சென்றது. அங்கே ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் நரேந்திரர் பள்ளிக்குச் செல்லவில்லை. தந்தையாரும் அவரைக் காண வந்த அறிஞர்களும் பேசுவதைக் கேட்பதும், தம் கருத்தை எடுத்துரைத்து வாதிடுவதுமே கல்வியாயின. கல்கத்தாவிற்குத் திரும்பியபோது, மூன்றாண்டுப் பாடங்களை ஓராண்டில் கற்றுத் தேர்வு எழுதும் நிலை ஏற்பட்டது. தேர்வுக்கு இரண்டு மூன்று நாள்களே இருக்கையில், வடிவக் கணிதத்தில் தாம் ஒன்றுமே பயிலவில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. அன்றிரவு உறங்காது அமர்ந்தார். 24 மணி நேரத்தில் நான்கு பகுதிகளைக் கற்று முடித்தார். 1879-இல் நடந்த அந்நுழைவுத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

மாணவர்கள் இதனைப் படித்துத் தேர்வுக்கு முதல்நாள் வரை வாளாவிருக்கலாம் என எண்ணிவிடலாகாது. அந்த ஆண்டிலேயே அவர் பாடப்புத்தகங்களுக்குப் புறம்பாக எவ்வளவோ நூல்களைக் கற்றிருந்தார். இந்திய வரலாற்றைப் பற்றி எல்பின்ஸ்டன், மார்ஷ்மன் ஆகியோர் எழுதிய பெருநூல்கள் அவற்றுள் சேர்ந்தவை. கணக்கை விட்டுவிட்டு வரலாற்றில் மூழ்கியதே அவர் செய்த பிழை. அதற்கு ஓர் இரவின் உறக்கத்தை ஒறுப்பாகச் செலுத்தினார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். நோயுற்றமையால் அதனை விட்டு, இப்பொழுது ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி எனப்படும் கல்லூரியில் பயின்றார். மெய்ப்பொருளியலும் அளவையியலும் ஐரோப்பிய நாடுகளின் வரலாறும் அவர் விரும்பிக் கற்ற துறைகள். இசையும் அவரை விடவில்லை, மற்போரும் விடவில்லை. வீட்டில் உறவினர் சந்தடி மிகுதி. ஆதலின் தாய்வழிப் பாட்டியார் வீட்டில் ஒரு சிற்றறையைத் தம் படிப்பிற்கென அமைத்துக்கொண்டார். அவ்வறையில் எளிய படுக்கையும் தம்புராவும் நூல்களுமே இருந்தன. தந்தையார் செல்வராயிருந்தும் மைந்தர் அவ்வெளிமையையே விரும்பினார்.

பி.ஏ. தேர்வு நெருங்கியது. பாடமாக வைக்கப்பட்ட நூல்களுள் ஜான் ரிச்சர்டு கிரீன் என்பவர் எழுதிய ஆங்கில மக்கள் வரலாறும் ஒன்று. கிரீன் இவ்வரலாற்றை 1874-இல் சுருக்கமாக வெளியிட்டார்; பின்னர் 1877 முதல் 1880 வரை நான்கு தொகுதிகளாக விரித்தார். சுருக்கம் என்ற பெயரில் வந்ததே 800 பக்கங்களுக்கு மேற்பட்டது! பண்டைக் குடியேற்றங்கள் முதல் பாராளுமன்றப் பூசல்கள் வரை பல நூற்றாண்டுச் செய்திகள் அதில் அடர்ந்து செறிந்துள்ளன. நரேந்திரர் அதனை அதுகாறும் தொடவேயில்லை.

அவர் அந்நூலை எடுத்துக்கொண்டு தம் சிற்றறைக்குள் புகுந்தார். அதனை முற்றும் கற்றாலன்றி அறையை விட்டு வெளிப்போதுவதில்லை என உறுதி பூண்டார். மூன்று நாள்கள் கழிந்தன. அறைக் கதவு திறந்தபோது கிரீனுடைய வரலாறு முழுதும் அவர் உள்ளத்தில் இடம்பெற்றிருந்தது என்பர் அவர் வரலாற்றை எழுதியோர்.

மூன்று நாள்களில் இஃது எங்ஙனம் இயலும்? கண்கட்டு வித்தையோ எனச் சிலர் ஐயுறலாம். அன்று. தம் முறையை அவர் பிற்காலத்தில் மறைவின்றி எடுத்துரைத்திருக்கின்றார். ஒரு நூலை வரிவரியாகப் படியாமலே ஆசிரியரின் கருத்தை உணரும் பழக்கம் இளமையிலேயே தமக்குக் கைவந்தது என்கின்றார். பத்தியின் முதல்வரியையும் ஈற்றுவரியையும் நோக்கிய அளவில் இடையில் நிற்பது விளங்கிற்றாம். நாளடைவில் பத்திகளையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தின் முதலும் ஈறுமே போதுமானவையாயின. ஆசிரியர் ஒரு கொள்கையை நிலைநாட்ட நான்கைந்து பக்கங்கள் வாதிடுமிடத்தில், தொடக்கத்திலுள்ள சில வரிகளைக் கண்டதும் வாதம் செல்லும் போக்கு முழுதும் புலனாயிற்றாம்.

இம்முறை கிரீனுடைய நூல் போன்றவற்றிற்கு ஏன் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம். அக்கால ஆங்கில உரைநடை ஆசிரியர்கள் பெரும்பாலும் பத்தியின் தலையில் தம் கருத்தை நிறுத்துவர். நடுவில் சான்றுகளை அடுக்குவர். ஈற்றில் அதன் பயனைக் காட்டி அடுத்த பத்திக்கு வழி செய்வர். இவ்வமைப்பை அறிந்தவனுக்குப் பத்தி என்பது வாயிலும் கூடமும் கொல்லையும் உடைய வீடு போன்றது. எந்தப் பொருள் எங்கிருக்கும் என அவன் தேடித் திரிய வேண்டுவதில்லை. மேலும், கிரீன் தம் நோக்கத்தை முகவுரையிலேயே வெளிப்படுத்திவிடுகின்றார். அரசர்களின் வெற்றியைப் பாடுவது அவர் கருத்தன்று. மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு உரிமை பெற்றனர் என்பதைச் சொல்வதே கருத்து. போர்க்களத்தினும் புலவனுக்கும் அச்சுத் தொழிலைத் தொடங்கியவனுக்கும் அவர் மிக்க இடம் தருகின்றார். இதனை உணர்ந்து உட்புகுபவன், ஒவ்வொரு போரிலும் எத்தனை படை எதிர்த்தது என்று திகைத்து நில்லான்; அப்போரினால் உழவனுக்கும் வணிகனுக்கும் நேர்ந்தது என்ன என்பதையே தேடிச் செல்வான். தேடுபொருள் தெளிவானால் கண் தானே விரையும்.

பாயிரம் கேட்டே நூலுட் புகுக என நம் முன்னோர் வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. பாயிரத்தைத் தள்ளிவிட்டு நேரே முதல் அதிகாரத்தில் குதிக்கும் மாணவர் பலரை என் ஆசிரியப் பணியில் கண்டிருக்கின்றேன். அவர்கள் மிக உழைத்தும் மெல்லவே சென்றனர்.

இவ்விடத்தில் கோட்டைக்குப்பத்துப் பாட்டனார், வலையைப் பொத்தும் கையை நிறுத்திவிட்டு ஏரியை நோக்கினார். ஏரி முழுவதையும் வலையால் அரித்து மீன் பிடிப்பவர் எவரும் இலர். நீரின் நிறத்தையும், நீரோட்டத்தின் போக்கையும், பறவை இறங்கும் இடத்தையும் கண்டு அவர்கள் வலையை விடுகின்றனர். புதியவன் கண்ணுக்கு ஏரி முழுதும் ஒரே நீர்ப்பரப்பு. பாட்டனாருக்கோ அதில் ஒவ்வோர் இடமும் வேறு. ஆயினும் அவருக்கு அந்தக் கண் வாய்க்க அறுபது ஆண்டுகள் சென்றன. நரேந்திரருடைய மூன்று நாள்களுக்குப் பின்னே எல்பின்ஸ்டனும் மார்ஷ்மனும் முக்தபோதமும் இருந்தமையை மாணவன் மறந்துவிடலாகாது என்று அவனுக்கு வற்புறுத்தினேன். பத்தியின் முதல்வரியையும் ஈற்றுவரியையும் மட்டும் படித்தால் போதும் என்பதை ஒரு சூழ்ச்சியாகக் கைக்கொள்பவன் நுரையை அள்ளிக்கொண்டு கரை சேர்வான்.

1884-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தேர்வின் முடிவு வந்தது. நரேந்திரர் இரண்டாம் வகுப்பில் தேறியிருந்தார். இத்துணை ஆற்றலுடையார்க்கு முதல் வகுப்புக் கிட்டவில்லையே எனச் சிலர் வருந்தலாம். அவர் படித்தது மதிப்பெண்ணுக்காக அன்று. ஆதலின் மதிப்பெண்ணும் அவரைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை போலும்!

முடிவு வெளிவந்து ஒரு திங்கள் கழியுமுன் பேரிடி வீழ்ந்தது. தந்தையார் திடீரென இறந்தார். வரவுக்கு மேல் செலவு செய்த கொடையாளர் ஆதலின் கடனே எஞ்சியது. நேற்றுவரை செல்வத்தில் வளர்ந்த இளைஞர், இன்று தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் பொருட்டு வேலை தேடித் தெருத்தெருவாக அலைந்தார். வெறும் வயிற்றுடன் வெயிலில் நடந்த நாள்களும் உண்டு. நண்பர் வீட்டில் உண்டுவிட்டதாக அன்னையிடம் பொய் கூறித் தம் பங்கைத் தம்பியர்க்கு விட்டுக்கொடுத்த நாள்களும் உண்டு. கிரீனை மூன்று நாள்களில் கற்ற அறிவு மூன்று வேளை உணவைத் தரவில்லை. சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார்; சில நூல்களை வங்கமொழியில் பெயர்த்தார்.

1881-இல் அவர் முதன்முதல் கண்ட இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886 ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். அதன்பின் நரேந்திரரும் உடன் மாணாக்கரும் வராகநகரில் பாழடைந்த ஒரு வீட்டில் துறவிகளாய் வாழ்ந்தனர். உணவுக்கும் உடைக்கும் முட்டு. ஆனால் நூலுக்கு முட்டில்லை. கார்லைல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றிலிருந்து நெடும்பகுதிகளை நரேந்திரர் ஏடு பாராமல் சொல்லிக்கொண்டே போவார். கேட்டிருந்த இளந்துறவிகள் உணர்ச்சி மேலிட்டு, பாரிசு நகர வீதியில் நிற்பவரைப் போலக் குடியரசுக்கு வாழ்த்தொலி எழுப்புவராம். நூலை எத்துணை விரைவில் படித்தார் என்பதினும், படித்ததை இத்துணை உயிரோடு நினைவில் வைத்திருந்தார் என்பதே எனக்கு வியப்பளிக்கின்றது.

பின்னர் அவர் கையில் கோலும் கமண்டலமும் கொண்டு நாடெங்கும் நடந்தார். திரிந்து வாழ்பவர் நூலகத்தைச் சுமந்து செல்ல முடியுமா? சென்ற ஊரில் கிடைத்ததைப் படித்தார். 1890-ஆம் ஆண்டின் இறுதியில் மீரத் நகரில் தங்கியிருந்தபோது, உடன்துறவியாகிய அகண்டானந்தர் அவ்வூர் நூலகத்திலிருந்து ஜான் லப்பக்கின் நூல்தொகுதிகளை நாளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுப்பார். மறுநாள் அதனைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்குவார். நூலகத் தலைவருக்கு ஐயம் பிறந்தது. துறவி படிப்பதுபோல் நடிக்கின்றார் என்றே அவர் நினைத்து, அதனை அகண்டானந்தரிடம் கூறியும் விட்டார். இதனைக் கேட்ட சுவாமிகள் சினங்கொள்ளவில்லை. தாமே நூலகத்திற்குச் சென்றார். எத்தொகுதியிலிருந்தும் எதனை வேண்டுமாயினும் கேட்கலாம் என்றார். நூலகத் தலைவர் பல வினாக்களை விடுத்தார். எல்லாவற்றிற்கும் தக்க விடை வந்தது. ஐயம் வியப்பாக மாறியது.

கேத்ரி நாட்டு மன்னர் அஜித் சிங் இதன் மறைபொருளை அவரிடமே வினவியதாகச் சொல்வர். எழுத்துக் கற்கும் குழந்தை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டுகின்றது; சில நாளில் சொல்லை ஒரே பார்வையில் கொள்கின்றது; வளர்ந்தபின் தொடரையே கொள்கின்றது. அதுவே இன்னும் வளருமாயின் பக்கத்தைக் கொள்வதில் வியப்பென்ன என்பதே அவர் தந்த விடையின் கருத்து. மனத்தை ஒருமுகப்படுத்துதல், இடைவிடாப் பயிற்சி, தன்னடக்கம் ஆகிய மூன்றையே அவர் என்றும் காரணமாகக் கூறினார்.

ஆனால் எல்லா நூலையும் அவர் இவ்வாறு கடந்துவிடவில்லை. இதனை நான் சற்று மகிழ்ச்சியோடே சொல்கின்றேன். ஏனெனில் அவரை நிறுத்தியது இலக்கணம். 1891-இல் செய்ப்பூரில் ஓர் இலக்கணப் புலவரிடம் பாணினியின் நூலைப் பாடங்கேட்டார். முதல் நூற்பாவின் உரையைப் புலவர் மூன்று நாள்கள் விளக்கினார். விளங்கவில்லை. நான்காம் நாள், தம்மால் பயனில்லை போலும் எனப் புலவரே தயங்கிக் கூறினார். சுவாமிகள் நாணமுற்றார். தனியிடத்தில் அமர்ந்து, பொருள் புலப்படும் வரை எழுவதில்லை என முடிவு செய்தார். மூன்று மணி நேரத்தில் அப்பகுதி தெளிவாயிற்று. எழுந்து சென்று புலவருக்கே அதனை விளக்கினார். பிரெஞ்சுப் புரட்சி முழுவதையும் ஏடின்றிச் சொன்னவர் ஒரு நூற்பாவின்முன் மூன்று நாள் நின்றார். அதன் பின்னும் தம் ஆற்றலை நம்பித் தாமே படித்துவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. கேத்ரியில் நாராயணதாசர் என்னும் பெரும்புலவரிடம் மாணாக்கராய் அமர்ந்து மாபாடியத்தைப் பாடங்கேட்டார். எந்த நூலில் ஓடலாம், எந்த நூலில் ஒவ்வோர் அடியாக நடக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே ஆண்டில் ஆல்வாரில் இளைஞர்கள் அவரைச் சூழ்ந்தனர். அவர்களிடம் அவர் பெரிதும் பேசியது வரலாற்றைப் பற்றியே. நம் நாட்டு வரலாற்றை ஆங்கிலேயர் எழுதியுள்ளனர். நம் வீழ்ச்சியையே அவை மிகுத்துக் கூறுகின்றன. நம் வாழ்க்கையையும் நூல்களையும் உள்ளிருந்து அறியாதவர் எழுதினால் வேறு எவ்வாறு அமையும் என்று வருந்தினார். வடமொழியையும் மேனாட்டு அறிவியலையும் ஒருங்கே கற்று, செய்தியைத் திட்பமாக ஆராயும் பழக்கத்தை வளர்த்து, இந்தியரே இந்திய வரலாற்றை எழுத வேண்டும் என்று தூண்டினார். எல்பின்ஸ்டனையும் மார்ஷ்மனையும் பள்ளிப் பருவத்திலேயே கற்றவர் ஆதலின், அவற்றில் இல்லாதது எது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. நூலை விரைந்து படிப்பவன் அதற்கு அடிமையாகிவிடுவதும் உண்டு. இவர் படித்த நூலோடு வழக்காடினார்.

இதனைச் சொன்னபோது கோட்டைக்குப்பத்து மாணவன் தன் கையிலிருந்த நூலைப் புரட்டினான். ஒல்லாந்தர் எழுதிவைத்த கணக்கேடுகளைக் கொண்டே அந்நூலும் ஆக்கப்பட்டிருந்தது. துணிக்கட்டின் விலை அதில் உண்டு. துணியை நெய்தவர் பெயரும், கட்டுகளைப் படகிலேற்றிக் கப்பலுக்குச் செலுத்தியவர் பெயரும் உண்டா என்று தேடத் தொடங்கினான். பத்துப் பக்கங்களை அவன் சிறிது நேரத்தில் கடந்ததை நான் கண்டேன். அதனை அவன் கவனித்தானோ, அறியேன்.

சுவாமிகளின் பிற்கால வாழ்க்கை உலகறிந்தது, சுருங்கக் கூறுவேன். 1892-ஆம் ஆண்டின் இறுதியில் கன்னியாகுமரியை அடைந்தார். அடுத்துச் சென்னையில் தங்கினார். பச்சையப்பன் பள்ளி ஆசிரியராகிய அளசிங்கப் பெருமாளும் அவர் நண்பர்களும் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினர். 1893 செப்டம்பர் 11-இல் சிகாகோ நகரில் கூடிய சமயப் பேரவையில் பேசினார். 1896-இல் செருமனி நாட்டுக் கீல் நகரில் தத்துவப் பேராசிரியர் பால் டாய்சனைக் கண்டார். ஒரு நாள் சுவாமிகள் கவிதை நூலொன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது டாய்சன் அழைத்தும் செவி கொடுக்கவில்லையாம். பின்னர் அறிந்து, படிப்பில் ஆழ்ந்திருந்தமையைக் கூறிப் பொறுத்தருள வேண்டினாராம். டாய்சன் முழுதும் நம்பவில்லை. அந்நூலின் கவிதைகளைச் சுவாமிகள் எடுத்துச் சொன்னதும் நம்பினார். 1897 சனவரி 26-இல் பாம்பனில் இறங்கி, இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் வரவேற்பைப் பெற்றார். பிப்ரவரி 6-இல் சென்னை சேர்ந்து, கடற்கரையில் பண்டு பனிக்கட்டி சேர்த்து வைத்திருந்த மாளிகையில் ஒன்பது நாள் தங்கினார். அது இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது.

வாழ்வின் இறுதிக்காலத்தை அவர் கங்கைக் கரையிலுள்ள பேலூர் மடத்தில் கழித்தார். நீரிழிவும் ஈளையும் உடலை வாட்டின. அப்பொழுது மடத்திற்குக் கலைக்களஞ்சியத்தின் பல தொகுதிகள் புதிதாய் வந்தன. அவற்றைக் கண்ட சரச்சந்திரர் என்னும் மாணாக்கர், இவற்றை ஒரு பிறவியில் படித்து முடித்தல் அரிது என்று கூறினார். சுவாமிகள் பத்துத் தொகுதிகளை முடித்துப் பதினோராம் தொகுதியைப் படித்துவந்தது அவருக்குத் தெரியாது. அப்பத்திலிருந்து எதனையும் கேட்குமாறு சுவாமிகள் பணித்தார். மாணாக்கர் கடினமான இடங்களாகத் தேடித் தேடிக் கேட்டார். சுவாமிகள் பொருளைக் கூறியதோடு, பல இடங்களில் நூலின் தொடர்களையே அவ்வாறே ஒப்புவித்தார்.

1902-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4-ஆம் நாள் அவர் வாழ்வின் இறுதிநாளாயிற்று. அன்று காலையில் நெடுநேரம் தனித்திருந்து தியானம் செய்தார். மடத்து நூலகத்திலிருந்து யசுர்வேதத்தை வருவித்து, ஒரு பகுதியை உரையோடு படிக்கச் செய்து, அவ்வுரை தமக்கு உடன்பாடில்லை என்று விளக்கினார்.

கற்றதில் கால்பங்கு ஆசிரியரிடமிருந்தும், கால்பங்கு உடன்பயில்வோரிடமிருந்தும், எஞ்சிய பாதி பிறர்க்கு உரைப்பதனாலும் நிரம்பும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்கிட்டிருக்கின்றார். அக்கணக்கு அன்று என் நினைவிற்கு வரவே, அவ்விறுதிநாளின் பிற்பகலையும் மாணவனுக்குச் சொன்னேன். உணவு முடிந்ததும் சுவாமிகள் மடத்து இளம் மாணாக்கரைத் தாமே அழைத்தார். ஓய்வு கொள்ளும் நேரமாயிற்றே என அவர்கள் தயங்கினர். அவர் கேட்கவில்லை. வரதராசர் தொடக்க மாணாக்கர்க்கு எழுதிய லகு கௌமுதி என்னும் சிறிய இலக்கண நூலை விரித்து, நூற்பா நூற்பாவாக, நகைச்சுவையும் கதையும் இடையிடையே கலந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் பாடம் சொன்னார். அன்றிரவு அவர் மூச்சு அடங்கியது. அப்பொழுது அவருக்கு வயது 39.

பொழுது சாய்ந்தது. பாட்டனார் வலையைத் தோளில் இட்டுக்கொண்டு எழுந்தார். மாணவன் நூலின் முதற்பக்கத்திற்குத் திரும்பி, தான் தள்ளிவிட்டுப் போன முகவுரையைப் படிக்கத் தொடங்கினான்.